வரைபடத்துக்கு முன் பதிவேடு

சர்வர் கண்காணிப்பு மென்பொருளை மதிப்பிடுகிறவர்களில் பலர், நிறுவிய அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எத்தனை நிமிடத்தில் வேலை முடிந்தது, டாஷ்போர்டு பார்க்க எப்படி இருக்கிறது, கைவைக்காமலே எத்தனை வரைபடம் வந்தது: அன்றைக்குத் தெரிவது இவ்வளவுதான். அந்த மென்பொருளுக்கு உண்மையான வேலை வருவது வேறொரு நாள். நள்ளிரவில் தளம் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுத் தானாகவே எழுந்திருக்கும், காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும், யாரோ ஒருவர், "ராத்திரி என்ன ஆச்சு?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்ததா என்பதை வைத்துத்தான் இந்த வகை மென்பொருளை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் தரவரிசை குலைந்துபோகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு கோர், 2 ஜிபி மெமரி கொண்ட ஒரு வாடகை விர்ச்சுவல் சர்வர். டெபியன் லினக்ஸ், என்ஜின்எக்ஸ், பிஹெச்பி, மரியாடிபி. சிறுபத்திரிகைகளும் பள்ளிகளும் சின்னக் கடைகளும் தங்கள் தளத்தை வைத்திருப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இயந்திரத்தில்தான். இரவு 2.30க்கு டேட்டாபேஸ் பேக்கப் தொடங்குகிறது, டிஸ்க் திணறுகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு தேடுபொறியின் பாட் வந்து பழைய பக்கங்களையெல்லாம் வரிசையாகக் கேட்கிறது. டேட்டாபேஸ் பதில் தராததால் பிஹெச்பி ப்ராசஸ்கள் முடியாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. 2.37க்கு மெமரி தீர்கிறது. கெர்னலின் ஓஓஎம் கில்லர், இருப்பதிலேயே அதிக மெமரி வைத்திருக்கும் மரியாடிபியைக் கொல்கிறது. சிஸ்டம்டி அதைத் திரும்ப எழுப்புகிறது. 2.43க்குத் தளம் வந்துவிடுகிறது. காலையில் டாப் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் சர்வர் பரம சாதுவாக உட்கார்ந்திருக்கிறது.

எந்த மென்பொருளும் நிறுவாவிட்டால்கூடக் கெர்னல் பதிவில் கொலைச் செய்தி இருக்கும். அந்த நொடியில் எந்த ப்ராசஸிடம் எவ்வளவு மெமரி இருந்தது என்ற பட்டியலும் இருக்கும். ஆனால் அது ஏழு நிமிடக் கதையின் கடைசிக் காட்சி. சரிவு எப்போது தொடங்கியது, டிஸ்க்கா மெமரியா எது முதலில் திணறியது என்பது அதில் கிடையாது. அந்த ஏழு நிமிடத்தை யார் சொல்லுவார்கள் என்பதுதான் தேர்வு.

முதலில் சிஸ்ஸ்டாட். செபாஸ்தியன் கொதார் நெடுங்காலமாகப் பராமரித்துவரும் தொகுப்பு இது. இதன் மையமான 'சார்' கட்டளையின் பெயர் ஏடி அண்ட் டியின் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் நாட்களிலிருந்து வருவது. குறித்த நேரத்துக்கு ஒரு சிறு நிரல் எழுந்து, கெர்னல் வைத்திருக்கும் எண்களைப் படித்து, அன்றைய தேதியிட்ட கோப்பில் சேர்த்துவிட்டுப் போய்விடும். நிரந்தரமாக ஓடும் சேவை இல்லை, திறந்துவைக்கும் போர்ட் இல்லை, வரைபடமும் இல்லை. சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க், ஸ்வாப் என்று பத்தி பத்தியாக எண்கள் மட்டும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் முகம் சுளிப்பது இயல்பு.

சுளிக்க வேண்டிய இடம் வேறு. டெபியன், உபுண்டு குடும்பத்தில் தொகுப்பை நிறுவினால் மட்டும் பதிவு தொடங்கிவிடாது. நீண்ட காலமாகவே அது அணைத்த நிலையில்தான் வந்திருக்கிறது. எட்சி அடைவுக்குள் டீஃபால்ட் என்ற அடைவில் இருக்கும் சிஸ்ஸ்டாட் கோப்பில் ஒரே ஒரு சொல்லை ட்ரூ என்று மாற்ற வேண்டும். மாற்றாதவர், பிரச்சினை வந்த அன்று சார் கட்டளையை அடித்து, கோப்பே இல்லை என்ற பதிலைப் பார்ப்பார். நிறுவியிருக்கிறது, ஆனால் பதிவு இல்லை. இதைவிட எரிச்சலான நிலை இந்தத் துறையில் குறைவு. பதிவு எத்தனை நாள் தங்கும் என்பதிலும் வேறுபாடு உண்டு. ரெட் ஹாட் வகையில் 28 நாள். டெபியனில் 7 நாள். ஒரு வாரம் என்பது, விடுமுறை முடிந்து வந்து விசாரிப்பதற்குள் தீர்ந்துபோகும் காலம். அதையும் 28 ஆக்கிவிடுவது நல்லது.

இவை சில்லறைக் குறைகள். சிஸ்ஸ்டாட்டின் மேல் வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு, அது இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிவெடுக்கிறது என்பது. சிபியு முப்பது விநாடி முழுமூச்சில் ஓடியிருந்தால், பத்து நிமிடச் சராசரியில் அது வெறும் 5 சதவீதமாகத் தெரியும். மெமரி விஷயம் இன்னும் மோசம். சிபியு எண் இரண்டு பதிவுகளுக்கு இடைப்பட்ட காலத்தின் சராசரி. மெமரி எண்ணோ பதிவெடுத்த அந்தக் கணத்தின் நிலை மட்டும். நம் இரவை இதில் பொருத்திப் பாருங்கள். 2.30க்கு மெமரி சாதாரணமாக இருந்தது. 2.37க்கு மரியாடிபி செத்துவிட்டது. 2.40க்கு எடுத்த பதிவில் மெமரி தாராளமாக இருக்கிறது. இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒரு கொலை நடந்த சுவடே அந்தப் பத்தியில் இருக்காது. டிஸ்க் பத்தியில் சராசரி ஏறியிருக்கும், லோடு ஆவரேஜில் மிச்சம் தெரியும், அவ்வளவுதான். இயல்பு நிலையில் நிறுவிய சிஸ்ஸ்டாட், நான் வைத்த தேர்வில் தோற்றுவிடுகிறது.

இடைவெளியை ஒரு நிமிடமாக்கினால் கதை மாறுகிறது. 2.31 முதல் 2.37 வரை ஏழு வரிகள். ஒவ்வொன்றிலும் மெமரி இறங்கிக்கொண்டே வருவதும், டிஸ்க்கின் காத்திருப்பு நேரம் அதற்கு முன்பே ஏறிவிட்டதும் கண்ணுக்குத் தெரிகின்றன. பேக்கப் தொடங்கிய பிறகுதான் எல்லாம் என்பது அங்கேயே நிரூபணமாகிவிடும். மாற்றுகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போதைய டெபியனில் பதிவை நடத்துவது சிஸ்டம்டி டைமர். அதன்மேல் புதிய நேர வரியை எழுதும்போது, முதலில் அதே வரியைக் காலியாக ஒருமுறை எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழைய நேரமும் புதிய நேரமும் இரண்டுமே செல்லுபடியாகும். பத்து மடங்கு பதிவெடுத்தாலும் கோப்பின் அளவு இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒரு பொருட்டே அல்ல. பிறகு ஏன் இன்னும் பத்து நிமிடமே இயல்பாக இருக்கிறது என்றால், பழக்கம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

நம் ஊரிலிருந்து பார்ப்பவருக்கு இன்னொரு இடறல். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும். நமக்கு இரவு 2.30 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 9 மணி. ஆக, 'இன்றைக்கு அதிகாலை' நடந்ததைத் தேட நேற்றைய தேதியிட்ட கோப்பைத் திறக்க வேண்டும். சர்வரின் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. பல நாடுகளில் சர்வர் வைத்திருந்தால் அது தொல்லையாகிவிடும். நான் யுடிசியை விட்டுவிடும் பக்கம்.

சிஸ்ஸ்டாட்டால் சொல்ல முடியாத ஒன்று, யார் என்பது. மெமரி போனது தெரியும்; எந்த ப்ராசஸ் தின்றது என்பது அதன் தினசரிப் பதிவில் கிடையாது. இங்கேதான் ஏடாப் உள்ளே வருகிறது. கெர்லோஃப் லாங்கெஃபெல்ட் எழுதியது. ஒவ்வொரு பதிவிலும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் கணக்கைச் சேர்த்து வைக்கும். ப்ராசஸ் அக்கவுண்டிங்கை இயக்கிவிட்டால், இரண்டு பதிவுகளுக்கு நடுவில் பிறந்து செத்த ப்ராசஸ்களும் பட்டியலில் வரும். மறுநாள் அந்தக் கோப்பைத் திறந்து 2.35க்குப் போய் மெமரி வாரியாக வரிசைப்படுத்தினால், பேக்கப்பை அமுக்கும் ஜிஜிப்பும் வரிசைகட்டி நிற்கும் பிஹெச்பி ப்ராசஸ்களும் பெயரோடு தெரியும். இதிலும் இயல்பான இடைவெளி 10 நிமிடம்தான். இதையும் குறைக்க வேண்டும்.

ஏடாப்புக்கு எதிராகவும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. பதிவெடுக்கும் ஏடாப் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. 2025 மார்ச்சில் அதில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிவந்தது. ஜிபியு புள்ளிவிவரம் கேட்பதற்காக அதே இயந்திரத்தின் ஒரு போர்ட்டை அது அணுகும். சாதாரண பயனர் ஒருவர் அந்தப் போர்ட்டில் தன் நிரலை உட்காரவைத்து, தாறுமாறான பதிலைக் கொடுத்து ஏடாப்பின் மெமரியைக் குலைக்க முடிந்தது. ஜிபியுவே இல்லாத சர்வர்களும் இதில் அடக்கம். சில நாட்களில் 2.11.1 பதிப்பில் திருத்தம் வந்துவிட்டது. பலருக்கு ஷெல் கணக்கு கொடுத்திருக்கும் இயந்திரத்தில் இது யோசிக்க வேண்டிய விஷயம். ஒருவர் மட்டுமே நுழையும் நம் சர்வரில், புதுப்பிப்புகளை ஒழுங்காகப் போட்டுவந்தால், பலன் ஆபத்தைவிடப் பெரிது என்பதே என் கணக்கு.

கருவி எதுவானாலும் அது காட்டும் எண்களில் சில, பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பில்லாதவை. லோடு ஆவரேஜ் அதில் முதன்மையானது. லினக்ஸில் அது சிபியுவுக்குக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்குக்காக, எழுப்ப முடியாத உறக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. 1993இல் வந்த ஒரு சிறு திருத்தத்தின் விளைவு அது; அந்தத் திருத்தத்தைப் பழைய மடல்களிலிருந்து பிரெண்டன் கிரெக் 2017இல் தேடியெடுத்துக் காட்டினார். ஆகவே நம் இரவில் லோடு 14 என்று காட்டினால், இரண்டு கோர் போதவில்லை, பெரிய சர்வருக்கு மாறுங்கள் என்று அர்த்தமல்ல. சிபியு சும்மா இருந்திருக்கவும் கூடும். ஃப்ரீபிஎஸ்டியில் அதே எண்ணுக்கு வேறு பொருள்: அங்கே ஓடத் தயாராக இருப்பவர்கள் மட்டும்தான். ஐஓஸ்டாட்டின் 'யுடில்' சதவீதமும் இப்படித்தான். ஒரே நேரத்தில் பல வேண்டுகோள்களைக் கவனிக்கும் எஸ்எஸ்டியிலும் ரெய்டிலும் 100 சதவீதம் என்பது எல்லையைத் தொட்டதாக ஆகாது; ஐஓஸ்டாட்டின் கையேடே அதைச் சொல்லிவிடுகிறது. 'ஐஓவெய்ட்' நம்பத்தகுந்ததல்ல என்று ப்ராக் கோப்பு முறைமையின் கையேடும் எழுதிவைத்திருக்கிறது. இந்த எண்களைப் பெரிய வட்டமுள்ளாக வரைந்து சிவப்பு மஞ்சள் பூசும் டாஷ்போர்டுகள், தப்பான அர்த்தத்தை இன்னும் அழகாகக் காட்டுகின்றன.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் நல்ல எண் ஒன்று வந்திருக்கிறது. லினக்ஸ் 4.20இல், 2018 டிசம்பரில், ஃபேஸ்புக்கின் யோஹான்னஸ் வைனர் முன்னின்று சேர்த்த பிஎஸ்ஐ. மெமரியோ டிஸ்க்கோ சிபியுவோ கிடைக்காமல் வேலைகள் நின்ற நேரம், மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் என்று அது நேரடியாகச் சொல்கிறது. எவ்வளவு பயன்படுத்தினோம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் தவித்தோம் என்று கேட்கிற அளவை. மெமரி 90 சதவீதம் நிரம்பியிருப்பது கவலைப்பட வேண்டியதா என்ற பழைய சண்டையை இது முடித்துவைக்கிறது. ரெட் ஹாட் வகையில் பூட் வரியில் 'பிஎஸ்ஐ=1' சேர்த்தால்தான் இது இயங்கும். ஏடாப்பும், பின்னால் வரப்போகும் நோட் எக்ஸ்போர்ட்டரும் இதைப் படிக்கின்றன. இதைப் படிக்காத கருவியை இனிப் புதிதாக நிறுவுவதற்குக் காரணம் இல்லை.

முனின் என்ற வரைபடக் கருவியைச் சுருக்கமாகவே முடிக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி, டோபி ஓட்டிக்கரின் ஆர்ஆர்டிடூல் கோப்பில். அந்தக் கோப்பு எப்போதும் வளராது; பழைய புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து, அரை மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று, கடைசியில் நாளுக்கு ஒன்று என்று கரைத்துவிடும். டிஸ்க் மாதாமாதம் எப்படி நிரம்புகிறது என்று பார்க்க இன்றும் இதைவிட அலுங்காத வழி இல்லை. மூன்று நாள் கழித்து அந்த ஏழு நிமிடத்தைத் தேடினால் கிடைக்காது.

நெட்டேட்டா இதற்கு நேர் எதிர். நிறுவிய சில நிமிடத்தில் விநாடிக்கு ஒரு புள்ளியாக நூற்றுக்கணக்கான வரைபடங்கள். பிரச்சினை கண்முன் நடந்துகொண்டிருக்கும்போது இதன் அருகில் வர வேறொன்றாலும் முடியாது. டிஸ்க் இழுக்கும் கணமும் கோரிக்கை சேரும் கணமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் தனியாக நிறுவும்போது, பார்க்கப்படும் இயந்திரத்திலேயே ஓடி, அதன் மெமரியையே தின்று, அதன் டிஸ்க்கிலேயே பதிகிறது. வீட்டில் கேமரா மாட்டிவிட்டு, ரெக்கார்டரை அலமாரியிலேயே வைப்பது மாதிரி; திருடன் அதையும் சேர்த்து எடுத்துப் போகலாம். 2 ஜிபி இயந்திரத்தில், மெமரிக்கே சண்டை நடக்கும் இரவில், சாட்சியும் அந்தச் சண்டையில் ஒரு கட்சியாகிவிடுகிறது. சிஸ்ஸ்டாட்டும் அதே டிஸ்க்கில்தானே எழுதுகிறது என்று கேட்டால், நியாயமான கேள்வி. டிஸ்க் நிரம்பிவிட்டால் சாரின் பதிவும் நிற்கும். இயந்திரமே போனால் பதிவும் போகும். வித்தியாசம், அது தின்பது மிகக் கொஞ்சம். தினமும் ஒரு கோப்பை வேறிடத்துக்கு ஆர்சிங்க் செய்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இந்தக் குறையை வேரோடு தீர்த்தது ப்ரொமீதியஸ். கூகுளிலிருந்து வந்த பொறியாளர்கள், அங்கே இருந்த போர்க்மான் என்ற கண்காணிப்பு மென்பொருளை மனதில் வைத்து, 2012இல் சவுண்ட்கிளவுடில் தொடங்கியது. 2016இல் குபர்நெட்டீஸுக்கு அடுத்தபடியாக, இரண்டாவது திட்டமாகச் சிஎன்சிஎஃப் அமைப்பில் சேர்ந்தது. பார்க்கப்படும் இயந்திரத்தில் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரல் மட்டும் இருக்கும். வேறொரு இயந்திரத்திலிருந்து ப்ரொமீதியஸ் வந்து எண்களை எடுத்துப் போகும். வந்து கேட்டு, பதில் கிடைக்காவிட்டால் அந்த மௌனத்தையும் பூஜ்யம் என்று பதிந்துகொள்ளும். செத்துப்போன சர்வர் தானே மடல் அனுப்பித் தன் சாவை அறிவிக்க முடியாது என்ற எளிய உண்மையை இந்த வடிவம் மதிக்கிறது. செலவும் பயப்படும்படி இல்லை. ஒரு சர்வரிலிருந்து ஆயிரம் அளவைகள், 15 விநாடிக்கு ஒருமுறை, இயல்பான 15 நாள் சேமிப்பு: சுமார் 8.6 கோடி புள்ளிகள். புள்ளிக்கு ஒன்றிரண்டு பைட் என்று அமுக்கிவைப்பதால் மொத்தம் 200 எம்பிக்குள் அடங்கிவிடும்.

அதன் கேள்வி மொழி சாருக்குக் கனவிலும் வராதது. கடந்த ஆறு மணி நேரப் போக்கில் போனால் இன்னும் நாலு மணியில் டிஸ்க் நிரம்புமா என்று ஒரே வரியில் கேட்கலாம். பத்து சர்வர்களில் எது மட்டும் விலகி நடக்கிறது என்றும் கேட்கலாம். இவ்வளவு இருந்தும் நம் ஒற்றைச் சர்வருக்கு இதை முதலில் நிறுவச் சொல்லத் தயங்குகிறேன். ப்ரொமீதியஸ், நோட் எக்ஸ்போர்ட்டர், அலர்ட்மேனேஜர், கிராஃபானா என்று நான்கு துண்டுகளை இணைக்க வேண்டும். நான்கையும் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது இயந்திரம் ஒன்று வேண்டும். நோட் எக்ஸ்போர்ட்டர் இயல்பாக 9100 போர்ட்டை எல்லா முகவரிகளிலும், கடவுச்சொல் இல்லாமல் திறந்துவைக்கிறது. கெர்னல் பதிப்பிலிருந்து மவுண்ட் செய்த டிஸ்க் வரை யாரும் படிக்கலாம். ஃபயர்வாலோ வயர்கார்டோ இல்லாமல் அதை விடக்கூடாது. இத்தனைக்குப் பிறகும், நோட் எக்ஸ்போர்ட்டர் ப்ராசஸ் வாரியாக எதையும் சொல்லாது. நம் இரவுக்கு அது அருமையான வளைகோடுகளைத் தரும். மெமரி சரிவு 15 விநாடி நுணுக்கத்தில் தெரியும். ஜிஜிப், பிஹெச்பி என்ற பெயர்கள் வராது. அதற்கு மறுபடி ஏடாப்பிடம்தான் போக வேண்டும்.

எச்சரிக்கை மடல்கள் பற்றி ஒரு வார்த்தை. சிபியு 90 சதவீதம் தாண்டினால் மடல் அனுப்பு என்பது எல்லாக் கருவிகளிலும் முதல் உதாரணமாக வருகிறது. அதுவே மிக மோசமான உதாரணமும். தினமும் 2.30க்குப் பேக்கப் ஓடும், தினமும் மடல் வரும், கொஞ்ச நாளில் அந்த மடல் தனி ஃபோல்டருக்குப் போகும்படி வடிகட்டப்படும். 2016இல் வந்த கூகுளின் எஸ்ஆர்இ நூல் பார்க்கச் சொன்னவை, பதிலளிக்கும் நேரம், வரும் கோரிக்கைகளின் அளவு, பிழைகள், திணறல் ஆகிய நான்கு. சிறு சர்வருக்கு அதையும் சுருக்கலாம்: வெளியிலிருந்து கேட்டால் தளம் பதில் சொல்கிறதா, டிஸ்க் நிரம்பப்போகிறதா, நேற்றைய பேக்கப் வந்து சேர்ந்ததா, சான்றிதழ் காலாவதியாகப்போகிறதா. தளத்தைக் கேட்கிற வேலையை மட்டுமாவது சர்வருக்கு வெளியே உள்ள ஒன்று செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் ஒரு பழைய ராஸ்பெர்ரி பையில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கர்ல் கட்டளைகூடப் போதும்.

தீர்ப்புக்கு வருகிறேன். ஒன்று முதல் மூன்று சர்வர் வரை வைத்திருப்பவருக்கு: ஒரு நிமிட இடைவெளியில் சிஸ்ஸ்டாட், கூடவே ஏடாப், வெளியே ஒரு சோதனை. இது முதலிடம், இயல்பு நிலையில் அல்ல, மேலே சொன்ன மாற்றங்களோடு மட்டும். அந்த மாற்றங்கள் இல்லாத சிஸ்ஸ்டாட்டைவிட, வெறுமனே நிறுவிய நெட்டேட்டா அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்லும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நெட்டேட்டாவுக்கு இரண்டாமிடம், நேரடி நோயறியும் கருவியாக. 4 ஜிபிக்குக் கீழே இருக்கும் இயந்திரத்தில் நிரந்தரமாக வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். முனினைப் புதிதாக நிறுவ வேண்டாம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் பிடுங்கவும் வேண்டாம். நூற்றுக்கணக்கான ஸ்விட்சும் ரவுட்டரும் இருக்கும் அலுவலகத்துக்கு ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்புக் கருவி பொருந்தும். அது வேறு வழக்கு. சார் கிடையாத ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி சர்வர் என்றால் நோட் எக்ஸ்போர்ட்டர் முதல் நாளிலிருந்தே வேண்டும். சிஸ்ஸ்டாட் லினக்ஸின் ப்ராக் அடைவை நம்பி எழுதப்பட்டது.

நான்காவது லினக்ஸ் சர்வர் வரும் நாளில், அல்லது இரவில் எழுந்து பார்க்க இரண்டாவது ஆள் ஒருவர் சேரும் நாளில், தனி இயந்திரத்தில் ப்ரொமீதியஸைப் போடலாம். அப்போதும் சிஸ்ஸ்டாட்டையும் ஏடாப்பையும் நீக்க வேண்டாம்.